பீரோ நின்ற சுவர்

கரீம் பாட்சாவை ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பியபோது அவர் தலையில் பச்சைத் தொப்பி இருந்தது. வலது கண்ணுக்கு மேலே நெற்றியில் பேனாவால் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் செம்பூர் ரோடு முழுக்க வெளிச்சம் சிதறிக் கிடந்தது. டாக்சியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தொப்பியைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டது தெரிந்தது. ஹபீபா அதை அவர் தலையிலிருந்து எடுத்து, நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அத எதுக்குப் பத்திரப்படுத்துத?"

"அடுத்த தடவைக்கு ஆவும்லா."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு என்று நர்ஸ் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. போன முறை நூற்றுத் தொண்ணூறு. இந்த பிரஷரில் கண்ணில் கத்தி வைத்தால் உள்ளே ரத்தம் கசியலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "டென்ஷன் மத் லோ காகா, பீபி கம் கர்கே ஆவோ", பதறாமல் பிரஷரைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் தோளைத் தட்டி அனுப்பினாள். அந்த ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷனுக்கு அடுத்த தேதி செப்டம்பரில்தான். இப்போது ஜூன். மழை அன்றைக்குத்தான் பிடித்திருந்தது.

கடையநல்லூரிலிருந்து மீசை முளைக்காத வயதில் தாராவிக்கு வந்தவர் கரீம் பாட்சா. அன்று முதல் தோல்தான். இன்றைக்கு ஐம்பத்தொன்பது வயதில் ஷேக் பரீதின் பை பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். விரித்த ஆட்டுத்தோலின் மேல் அட்டையை வைத்து, தழும்பும் ஓட்டையும் விலக்கி, ஒரே இழுப்பில் வளைவை வெட்டி எடுப்பார். மெஷின் வெட்டினாலும் ஓரத்தில் பிசிறு இருக்கும், பாட்சா பாய் வெட்டினால் இருக்காது என்று பட்டறையில் சொல்வார்கள். கண்ணில் புரை விழுந்த பிறகு அந்தப் பேச்சு மெல்ல நின்றது. ஏப்ரலில் ஒரு நல்ல தோலைக் கோடு தாண்டி வெட்டிவிட்டார். மறுநாள் அவருடைய இடம் மாறியிருந்தது. தைத்து வந்த பைகளில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற பாயில் உட்காரச் சொன்னார்கள்.

ஷேக் பரீத் அவரைவிட இருபது வயது சின்னவன். அவன் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "பாய், ஐரோலி கம்பெனிக்காரனுங்க தீவாளிக்கு லேப்டாப் பை கேட்டிருக்கானுங்க. செப்டம்பர் கடைசில கட்டிங் தொடங்கணும். அதுக்குள்ள கண்ண சரி பண்ணிட்டு வந்துருங்க. டேபிள் உங்களுக்குத்தான். வரலன்னா நான் வேற ஆளப் போட்டுத்தான் ஆவணும், தப்பா எடுத்துக்கிடாதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. வேறு ஆள் டேபிளில் நின்றுவிட்டால் அந்த ஆளை விலக்கிவிட்டு யாரும் இவரை நிறுத்தப் போவதில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் நூல் கத்தரிக்க வேண்டியதுதான்.

கும்பார்வாடா முனையில் இருக்கும் டாக்டரம்மாவிடம் ஹபீபா அவரை இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று அந்தம்மா கேட்டார். தலை கனக்கும்போது சாப்பிடுவேன் என்றார் கரீம் பாட்சா. தினமும் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடும், பிறகு மாத்திரை கேட்காது என்று பட்டறையில் எல்லோரும் சொல்கிறார்களே என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். பிறகு திட்டினார். இந்தியில் ஆரம்பித்து மராத்தியில் முடித்தார்.

அன்றிலிருந்து மாத்திரையைச் சாயோடு சேர்த்து ஹபீபாவே கையில் வைத்தாள். கருவாடு வீட்டுக்குள் வருவது நின்றது. ஊறுகாய் பாட்டில் பரண் ஏறியது. ஜூலையில் அழுத்தம் நூற்று அறுபத்தைந்துக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மருந்தைக் கூட்டியும் அசையவில்லை. கண் ஆஸ்பத்திரியில் நூற்று ஐம்பதுக்குக் கீழே வேண்டும் என்றிருந்தார்கள். நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. எங்கே நடப்பது? மழையில் சந்து முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். காய்ந்த நாளிலும் எதிரே ஒருவர் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டிய சந்து அது. போதாததற்கு அவருக்குக் குதிங்கால் வலி வேறு.

அப்போதுதான் ஷாலினியின் பேச்சு வந்தது.

ஷாலினி அடுத்த வீட்டுப் பெண். கணேசபாண்டியன், கோமதியம்மாள் தம்பதியின் மகள். செம்பூரில் ஓர் இருதய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ. கரீம் பாட்சா வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தாளிக்கும் கடுகு அந்தப் பக்கம் வெடிக்கிற மாதிரிக் கேட்கும். ஆனால் கரீம் பாட்சாவும் கணேசபாண்டியனும் பேசி இரண்டு வருஷமாகிறது.

காரணம் மோட்டார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆன பாண்டியன், காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் குழாயில் ஒரு குட்டி மோட்டாரை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு ட்ரம் நிரம்பும்போது கரீம் பாட்சா வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதும். கரீம் பாட்சா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சந்துக்காரர்களின் கமிட்டியில் போய்ச் சொல்லிவிட்டார். கமிட்டிக்காரர்கள் வந்து, சந்தே வேடிக்கை பார்க்க, பாண்டியன் தன் கையாலேயே மோட்டாரைக் கழற்றும்படி ஆயிற்று. கதை அதோடு முடிந்திருந்தால் கரீம் பாட்சா நியாயவான். ஆறு மாதம் கழித்துச் சந்தில் ஆளாளுக்கு மோட்டார் போட்டார்கள். கரீம் பாட்சாவும் போட்டார்.

ஆண்கள் பேசாவிட்டாலும் பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் கோமதியம்மாளிடம் ஹபீபா விஷயத்தைச் சொல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமையே ஷாலினி வந்து நின்றாள்.

"மாமா, உங்களுக்கு நடக்க எடமும் வேண்டாம், ஓட எடமும் வேண்டாம். ஒரு சுவர் போதும்."

"சுவர வச்சு என்ன செய்ய? முட்டிக்கிடவா?"

"உக்காரணும். சேர் இல்லாம சேர்ல உக்காருத மாதிரி. முதுகச் சாச்சு, முட்டிய மடக்கி, அசையாம அப்படியே இருக்கணும். முடிஞ்சா ரெண்டு நிமிஷம். கொஞ்சம் ரெஸ்ட் எடுத்து, திரும்ப. நாலு தடவ. வாரத்துல மூணு நாள் செஞ்சா போதும்."

"அசையாம இருக்கது ஒரு எக்சர்சைஸா? நான் அதத்தான ஆயுசு பூரா செய்யேன்."

ஷாலினி சிரித்துவிட்டு விளக்கினாள். தொடைச் சதையை இறுக்கி வைத்தால் அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நெருங்கும். விட்டதும் ரத்தம் பாய்ந்து போகும், குழாய்கள் நன்றாக விரியும். இப்படி இறுக்கி இறுக்கி விட்டால் நாள்பட்ட அளவில் குழாய்கள் இளகிக் கொடுக்கப் பழகும். அழுத்தம் இறங்கும்.

"குழாய அமுக்கிப் பிடிச்சுட்டு விட்டா தண்ணி எப்பிடிப் பாயும்? அதான் மாமா."

"உங்க அப்பா மோட்டார் மாதிரின்னு சொல்லு."

ஹபீபா அவர் காலில் மிதித்தாள். ஷாலினி காதில் விழாத மாதிரி தொடர்ந்தாள். மாத்திரையை நிறுத்தவே கூடாது, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், முட்டி வலித்தால் கொஞ்சம் மேலேயே நின்றுகொள்ள வேண்டும், நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். "கடைசியா ஒண்ணு. மூச்ச மட்டும் பிடிக்கப்புடாது."

"மூச்ச எவன் பிடிக்கான்!" என்றார் கரீம் பாட்சா.

டாக்டரம்மா சரி என்றார். அடுத்த சிக்கல் சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலியில், வீடே அந்த ஒற்றை அறைதான், சுவர் நாலு இருந்தது, வெறும் சுவர் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் கதவும் ஜன்னலும். ஒன்றில் அடுப்பு மேடையும் பாத்திரத் தட்டும். மூன்றாவதில் டிவி, ஷோகேஸ், பரணுக்குப் போகும் இரும்பு ஏணி. நாலாவது, பாண்டியன் வீட்டோடு பொதுவான சுவர். அதில் தண்ணீர் ட்ரம்மும், ஹபீபா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பீரோவும். ஊரிலிருந்து ரயிலில் புக் செய்து வந்த பீரோ அது. வைத்த நாளிலிருந்து ஓர் அங்குலம் அசைந்ததில்லை.

பட்டறையிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிவந்து பீரோவைத் தள்ளினார்கள். வைக்க வேறு இடமில்லாமல் அது ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. அடுப்பு மேடைக்குப் பகலிலும் விளக்கு போட வேண்டியதாயிற்று. பீரோ நின்ற இடத்தில் சுவர், கல்யாண வருஷத்துப் பச்சை மங்காமல், புதுச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"இதுல பிரஷர் எறங்கலன்னா, பீரோவ நீங்க ஒத்தையா தூக்கி வைக்கணும்" என்றாள் ஹபீபா.

முதல் நாள் இருபது எண்ணுவதற்குள் தொடை தையல் மெஷின் மாதிரி உதறியது. சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் தொழில்காரருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோல் முரண்டு பிடிக்கும், அதற்காகக் கத்தியைக் கீழே போடுவதா? திங்கள், புதன், வெள்ளி காலையில் தண்ணீர் பிடித்து முடித்த கையோடு சுவரில் சாய்ந்துவிடுவார். ஆகஸ்டு பிறந்தபோது இரண்டு நிமிஷம் தாக்குப் பிடித்தார். நாலு தடவையும். குதிங்கால் வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. டாக்டரம்மாவிடம் பெருமையோடு கையை நீட்டினார்.

நூற்று அறுபத்தாறு.

ஞாயிற்றுக்கிழமை ஷாலினி பிரஷர் மெஷினோடு வந்தாள். "உக்காருங்க மாமா, நீங்க செய்யும்போதே பாப்போம்" என்று கையில் பட்டையைச் சுற்றினாள். அவர் சாய்ந்தார். மெஷின் உறுமி, இறுகி, எண்ணைக் காட்டியது. ஷாலினியின் முகம் மாறியது.

"போதும், எந்திரிங்க. உடனே எந்திரிங்க மாமா."

இருநூற்றுப் பதினைந்து.

"மாமா, நீங்க மூச்சே விடல."

"விட்டேனே."

"விடல" என்றாள் ஹபீபா. "மூக்கு நுனிகூட அசையல. செல மாதிரி இருந்திய."

கரீம் பாட்சாவுக்குக் கட்டிங் டேபிள் நினைவுக்கு வந்தது. கத்தி தோலில் இறங்கும்போது எந்தக் கட்டிங் மாஸ்டரும் மூச்சு விடமாட்டான். மூச்சு விட்டால் தோள் ஏறி இறங்கும், தோள் அசைந்தால் கோடு விலகும். வளைவு முடிகிற வரைக்கும் உதட்டை இறுக்கி நெஞ்சைப் பூட்டிவிட வேண்டும். நாற்பத்தைந்து வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை வெட்டு! உடம்பில் இறுக்கம் என்று ஒன்று வந்தாலே நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்ளப் பழகியிருந்தது. அவரைக் கேட்டுக்கொண்டு அது பூட்டுவதில்லை.

"மூச்சப் பிடிச்சுக்கிட்டு இதச் செய்யதுக்கு செய்யாமலே இருக்கலாம்" என்றாள் ஷாலினி. "அழுத்தம் தாறுமாறா ஏறும், ஆபத்து. முதல்ல கொஞ்ச நேரம் மட்டும் இருங்க. இருக்கும்போது பேசிக்கிட்டே இருங்க. பேசுத மனுசன் மூச்சப் பிடிக்க முடியாது."

பேசுவதுதான் அவருக்கு வராதே. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னாள் ஹபீபா. பத்து வரைக்கும் குரல் வந்தது, பிறகு மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டார். மகள் மெஹக் தாணேயிலிருந்து போனில் பேசிப் பார்த்தாள். எதைக் கேட்டாலும் "உம்". ஹபீபா பக்கத்தில் நின்று வீட்டுக் கதை, சந்துக் கதை எல்லாம் சொன்னாள். அதற்கும் "உம்". அந்த "உம்" வாயைத் திறக்காமல் மூக்கு வழியே வந்தது.

"முப்பது வருசமா இந்த உம்மோடதான் குடும்பம் நடத்துதேன்" என்றாள் அவள். "ஒரு வார்த்த பேசுனா முத்தா உதிந்துரும்?"

ஆகஸ்டு நடுவில் ஒரு புதன்கிழமை. கரீம் பாட்சா சுவரில் சாய்ந்து முட்டியை மடக்கினார். முதுகு சறுக்கியதில் சுவர் ஒரு முறை தடதடத்தது. அந்தப் பக்கமிருந்து கணேசபாண்டியனின் குரல் கேட்டது. மனைவியிடம் பேசுகிற மாதிரி, ஆனால் சந்து முனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

"ஏளா கோமதி, சொவர யாரோ இடிக்காங்க பாரு! அன்னைக்கு மோட்டாரப் புடுங்குனாங்க, இன்னைக்குச் சொவரு. நாளைக்கு நம்மள வெளிய எடுத்துப் போட்டுட்டுத்தான் ஓய்வாங்க."

கரீம் பாட்சாவின் உதடு இறுகியது. இறுகி, பிறகு பிய்த்துக்கொண்டு திறந்தது.

"வேய்! மோட்டாரப் புடுங்குனது நானா? கமிட்டியில்லா புடுங்குச்சு!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேராக வந்த பேச்சு அது.

"கமிட்டிக்குக் கெனாவா வந்துச்சு? நீரு போய் ஓதிக் குடுத்தீரு!"

"பச்சப்புள்ள மூஞ்சி கழுவத் தண்ணி இல்லாமக் கெடந்துச்சுவே எங்க வீட்டுல!"

"உம்ம வீட்டுல ஏதுவே பச்சப்புள்ள? மகளத் தாணேல கட்டிக் குடுத்து எட்டு வருசமாச்சு!"

"பேரப்புள்ள வந்திருந்துச்சு!"

"அப்ப இப்ப உம்ம கொழாயில உறுமுதே ஒண்ணு, அது என்ன, பூனையா?"

கரீம் பாட்சாவுக்குக் கோபத்தில் தொடை வலி தெரியவில்லை. சந்தில் எல்லாரும் போட்ட பிறகு போட்டேன் என்றார். எல்லாரும் கிணற்றில் குதித்தால் குதிப்பீரா என்றார் பாண்டியன். உம்ம கூடச் சேர்ந்து குதிக்கமாட்டேன் என்றார் இவர். ஹபீபாவின் போனில் மணி அடித்தது. இரண்டு நிமிஷம் முடிந்திருந்தது. வழக்கமாகக் கன்றிச் சிவந்திருக்கும் முகம் அன்றைக்குச் சாதாரணமாக இருந்தது. மூச்சு வாங்கியது. வாங்கியது என்றால் உள்ளே போய் வெளியே வந்தது என்றுதானே அர்த்தம்? ஹபீபா அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை அவர் சுவரில் சாய்ந்ததும் ஹபீபா விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டு தட்டினாள்.

"எதுக்குத் தட்டுத?"

"கரப்பான்."

அந்தப் பக்கம் கோமதியம்மாள் கணவர் காதில் என்ன சொன்னாளோ, பாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "என்னவோ அன்னைக்குப் பேரப்புள்ள கணக்குச் சொன்னாங்களே..."

பெண்கள் இருவரும் சேர்ந்து செய்கிற வேலை இது என்பது கரீம் பாட்சாவுக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தும் விடவில்லை. பதில் சொல்லாமல் விட்டால் பாண்டியன் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே.

ஷாலினிக்குத்தான் பயம். "கோவப்பட்டா பிரஷர் ஏறாதா மாமி?" என்று மெஷினோடு ஓடிவந்தாள். சண்டை நடக்கும்போதே அளந்தாள். ஏறத்தான் செய்தது, நூற்று எண்பதைத் தொடவில்லை. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் இறங்கியும் விட்டது. "ஏறுனது எறங்குது. அதுதான் வேணும்" என்றவள், சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அப்பா, கொஞ்சம் மெதுவா சண்ட போடுங்க. ரொம்பக் கத்தாண்டாம்."

"நான் எங்க கத்துதேன்?" என்று கத்தினார் பாண்டியன்.

மோட்டார் விஷயம் பத்து நாளில் தீர்ந்துபோனது. சொன்னதையே எத்தனை முறை சொல்வது? பிறகு வெள்ளத்து வருஷத்துக்குப் போனார்கள். சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது யார் வீட்டு கேஸ் சிலிண்டரை யார் தூக்கிப் பரணில் வைத்தது என்று ஒரு வாரம் ஓடியது. இரண்டு பேரும் தான்தான் தூக்கியதாகச் சொன்னார்கள். அடுத்து, தாராவியை இடித்துவிட்டுக் கட்டப்போவதாகச் சொல்லும் பில்டிங் வந்தால் எந்த மாடி நல்லது என்று. லிப்ட் நின்றுபோனால் உம்ம குதிங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவீர் என்று பாண்டியன் கேட்டார். ஏழாம் மாடி வரைக்கும் ஏறிக் காட்டுகிறேன் என்றார் கரீம் பாட்சா, சுவரில் சாய்ந்து வியர்வை வடிய.

ஆகஸ்டு கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஹபீபா தட்டியும் பதில் வரவில்லை. நெருளில் கோயில் விசேஷத்துக்கு அதிகாலையிலேயே போய்விட்டார்கள் என்று சந்தில் யாரோ சொன்னார்கள். கரீம் பாட்சா சாய்ந்தார். உதடு இறுகியது. ஹபீபா பார்த்துக்கொண்டே நின்றாள். நெஞ்சு பூட்டப் போகிறது என்று தோன்றிய நேரத்தில் அவராகவே வாயைத் திறந்தார்.

"என்னவே பாண்டியன், கோயிலுக்குப் போயிட்டீரா? சண்டைக்கு லீவு போட ஒரு வார்த்த சொல்லாண்டாமா?" கொஞ்சம் குரலை மாற்றிக்கொண்டார். "உமக்கு எதுக்குவே சொல்லணும், நீரென்ன கமிட்டியா?" மறுபடி தன் குரல். "கமிட்டிப் பேச்ச எடுக்காதீரும்!"

ஹபீபா ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவரு பேச்சையும் நீங்களே பேசுதியளே!"

"அவரு இதத்தான சொல்லுவாரு" என்றார் கரீம் பாட்சா. மணி அடிக்கும் வரைக்கும் இரண்டு பக்கத்துக்கும் அவரே பேசினார். கடைசியில் பாண்டியன் கொஞ்சம் நன்றாகவே பேசிவிட்டதாக அவருக்குப் பட்டது.

செப்டம்பர் மூன்றாம் வாரம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நர்ஸ் வருவதற்காகக் காத்திருந்தார். டாக்டரம்மா அளந்தபோது நூற்று நாற்பத்தெட்டு இருந்தது உண்மைதான். ஆனால் இந்த இடம் வேறு. இரண்டு முறை திருப்பி அனுப்பிய இடம். இந்த மருந்து வாசனையே அழுத்தத்தை ஏற்றிவிடும். நர்ஸ் பட்டையைக் கையில் சுற்றினாள். அது இறுக இறுக அவர் உதடும் கூடவே இறுகியது. ஐரோலிக்குப் போகிற பைகள், டேபிளில் விரித்த தோல், அதற்கு முன்னால் யாரோ நிற்கிற முதுகு. நெஞ்சு பூட்டிக்கொள்ளப் பார்த்தது.

"வேய் பாண்டியன்" என்று முணுமுணுத்தார். "சிலிண்டரத் தூக்குனது நான்தான், பாத்துக்கிடும்."

"காகா, கிஸ்ஸே பாத் கர் ரஹே ஹோ?" என்றாள் நர்ஸ், யாரோடு பேசுகிறார் என்று புரியாமல்.

"படோசி ஸே" என்றார் அவர், பக்கத்து வீட்டுக்காரரோடு என்று. பேசி முடித்து மூச்சை விட்டார். இன்னொரு மூச்சு எடுத்தார்.

நூற்று நாற்பத்தாறு. நர்ஸ் எழுதிக்கொண்டு, "சலோ காகா" என்று எழுந்தாள்.

கரீம் பாட்சா ஹபீபாவிடம் கையை நீட்டினார். "தொப்பியக் குடு." அவள் கைப்பையிலிருந்து நாலாய் மடித்த பச்சைத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதை வாங்கிக் குப்பையில் போட்டாள், புதுசு ஒன்றைக் கொடுத்தாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது முதலில் தெரிந்தது ஹபீபாவின் முகம். இவ்வளவு நரைத்திருக்கிறாளா? அதைச் சொல்லவில்லை. "காதுல கெடக்க கம்மலு புதுசா?" என்று கேட்டார். "கல்யாணத்துக்குப் போட்டது" என்றாள் அவள்.

கண் ஆறும் வரைக்கும் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, சுவர் வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டூலில் உட்கார்ந்து சாய் குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் இரண்டு தட்டு கேட்டது. ஹபீபா தட்டவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து.

"ஓய் பாட்சா. கண்ணு தெரியுதா?"

"தெரியுது. உம்ம பக்கத்துச் செங்கல்லாம் கோணலால்லா இருக்கு!"

"கட்டுனது உம்ம மேஸ்திரிவே!"

கரீம் பாட்சா ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐரோலி ஆர்டரின் கட்டிங்கை ஷேக் பரீத் பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தான். கண் டாக்டர் சரி சொன்ன மறுநாள் கரீம் பாட்சா டேபிள் முன்னால் போய் நின்றார். தோலின் மேல் அட்டையை வைத்தார். கோடு துல்லியமாகத் தெரிந்தது. வளைவு வந்ததும் பழக்கம் போல மூச்சு நின்றது, கத்தி போயிற்று, ஓரத்தில் பிசிறில்லை. வெட்டு முடிந்ததும் வாயைத் திறந்து, பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக மூச்சை விட்டார். இனிமேல் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அப்படித்தான் விடுவது என்று வைத்துக்கொண்டார். எந்த வைத்தியம் எவ்வளவு இறக்கியது என்று டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, மாத்திரை, உப்பு, சுவர் மூன்றுக்கும் பங்கு உண்டு, எதையும் நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஹபீபா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பீரோவின் முன் நின்றாள்.

"கண்ணுதான் சரியாயிட்டே. பீரோவப் பழைய எடத்துல வச்சிரலாமா? எனக்கு அடுப்புக்கு வெளிச்சம் இல்ல."

அவர் பதில் சொல்லும் முன் சுவர் பேசியது. "ஏ ஹபீபா, அந்த எடத்துல மட்டும் வைக்காத!"

"அப்ப எங்க வைக்க அண்ணாச்சி? உங்க தலையிலயா? நீங்க ரெண்டு பேரும் சண்ட போட எடம் வேணும், எனக்கு வெளிச்சம் வேண்டாமா?"

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம், சந்தில் செருப்புச் சத்தம். வாசலில் கணேசபாண்டியன் கையில் கடப்பாரையோடு நின்றார். இரண்டு வருஷத்தில் அவர் தலையும் நன்றாக நரைத்திருந்தது. யாரையும் நேராகப் பார்க்காமல் உள்ளே வந்து, கோலியின் நாலு சுவரையும் ஒர்க்‌ஷாப்காரர் கண்ணால் அளந்தார்.

"ஷோகேஸ வெளிய போடு. ஏணிய ஒரு அடி நகத்தி அடிச்சுத் தாரேன். பீரோ அங்கன உக்காந்துரும்." சொல்லிவிட்டுக் குழாயின் கீழே குனிந்து பார்த்தார். கரீம் பாட்சாவின் மோட்டாரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இது எத்தன எச்.பி.வே?"

"அர" என்றார் கரீம் பாட்சா.

"அரையா!" பாண்டியன் கடப்பாரையைத் தரையில் ஊன்றினார். "எம் மோட்டார் கால்தானவே! கால் எச்.பி.க்கா கமிட்டிய கூட்டிட்டு வந்தீரு?"

கரீம் பாட்சா பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இதற்குப் பதில் வெள்ளிக்கிழமைக்குள் தோன்றிவிடும்.

"முதல்ல தூக்கும்வே" என்றார். "மூச்ச விட்டுத் தூக்கும்."